ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில்) திடீரென இன்னொரு விமானம்: என்ன செய்வது?

தயங்காமல் கோ-அரவுண்ட் செய்யுங்கள், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலே ஏறுங்கள். ஆனால் அந்த விமானத்துக்கு நேர் மேலே ஏறக் கூடாது. அது கண்ணில் படும்படி ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் விலகி ஏறுங்கள்.

பேஸிலிருந்து (ஃபைனலுக்கு முன் ஓடுபாதைக்குக் குறுக்காகப் பறக்கும் கட்டத்திலிருந்து) ஃபைனலுக்குத் திரும்பும்போதுதான் அந்த விமானம் தெரிந்தது, ரேடியோவில் சத்தமே இல்லை என்றீர்கள். உங்களுடையது மேல் இறக்கை விமானம், அதாவது இறக்கை கேபினுக்கு மேலே இருக்கும். திரும்பும் பக்கம் தாழும் இறக்கையே பார்வையை மறைத்திருக்கும். அடுத்த முறை திரும்புமுன் அந்த இறக்கையைக் கொஞ்சம் உயர்த்தி, ஃபைனல் பாதையைத் தொலைவு வரை பாருங்கள். ஓடுபாதையின் மறுபக்கத்திலிருந்து விமானங்கள் வரக்கூடிய எதிர்ப்பக்க பேஸையும் விடாதீர்கள். அங்கே பார்க்கத்தான் பலரும் மறக்கிறோம்.

அப்புறம், ஓடுபாதைக்கு 10 மைல் தொலைவிலேயே ரேடியோவின் அலைவரிசையையும் ஒலியளவையும் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் எதுவும் கேட்காது.

எல்லாம் சரியாக இருந்தாலும், ரேடியோ இல்லாத விமானம் சட்டப்படியே வரக்கூடிய ஓடுபாதைகள் உண்டு.