முதல் வண்ணம் கேட்கும் இரண்டாம் வண்ணம்

கேள்வி: அரூப ஓவியர் ஒருவரின் கண்காட்சியைப் பார்த்தேன். இயற்கையே தமக்குத் தூண்டுதல் என்றும், முன்திட்டம் இல்லாமல் வண்ணத்தில் தொடங்கி உள்ளுணர்வின் வழியே வரைவதாகவும் அவர் குறிப்பு எழுதியிருந்தார். ஆனால் எந்த ஓவியத்திலும் மரமோ நீரோ இல்லை. அப்படியானால் இயற்கை எங்கே இருக்கிறது? உள்ளுணர்வு என்பது தற்செயலுக்கு இட்ட அழகிய பெயர்தானா?

பதில்: பல காலம் பார்த்துப் பார்த்துக் கண் சேர்த்துவைத்தது, யோசனைக்குக் காத்திராமல் கைக்கு வந்துசேர்வதையே நான் உள்ளுணர்வு என்று புரிந்துகொள்கிறேன். அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952ஆம் ஆண்டுக் கோடையில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்று, அங்குள்ள நிலக்காட்சிகளை நேரில் பார்த்து நீர்வண்ணத்தில் தீட்டினார். நியூயார்க் திரும்பியபின், அவ்வாண்டு அக்டோபரில், ஏறத்தாழ 3 மீட்டர் அகலமுள்ள, அடிப்பூச்சு இல்லாத கித்தானைத் தரையில் விரித்து, கரித்துண்டால் சில கோடுகளை மட்டும் இழுத்துக்கொண்டு, நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணங்களை அதன்மேல் ஊற்றினார். அவை துணியின் இழைகளுக்குள் ஊறிப் பரவின. 'மலைகளும் கடலும்' என்னும் அந்த ஓவியத்தைத் தீட்டியபோது அவருக்கு வயது 23. இதுதான் மலை என்று அதில் எதையும் விரல்வைத்துக் காட்ட இயலாது. எனினும் வெளிறிய ரோஜாவும் நீலமும் பச்சையும் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் நிற்கும் விதத்தில் ஈரக்காற்றையும் திறந்த வெளியையும் நான் உணர்கிறேன். வரையும்போது அவர் முன்னால் காட்சி எதுவும் இல்லை. அதைத் தீட்டிப் பழகிய கை இருந்தது. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

வண்ணம் வழிநடத்துவது என்பதற்குக் கண்ணின் இயல்பிலேயே அடிப்படை உண்டு. பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயத்துறைக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட வண்ணங்களால் கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறது என்று கண்டறிந்தார். 1839இல் அதை விரிவாக நூலாக்கினார். சிவப்பின் நடுவே வைத்த சாம்பல் நிறம் சற்றுப் பச்சையாகத் தெரிவதும் இதனால்தான். ஆகவே வெறும் கித்தானில் ஒரு மஞ்சளை இட்டவுடன் அடுத்து வரக்கூடியவற்றின் எல்லை சுருங்கிவிடுகிறது. இரண்டாவது வண்ணம் வந்ததும் அந்த முதல் மஞ்சளே வேறொன்றாகிவிடுகிறது. இந்த மாற்றத்தை நின்று கவனித்து, அதற்கு ஏற்றபடி அடுத்த தீற்றலை இடுபவரையே நான் உள்ளுணர்வுள்ள ஓவியர் என்பேன்.

அந்தச் சொல்லைக் கவனமின்மைக்குத் திரையாக்குவோரும் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். அடுத்த முறை ஓவியத்தின் முன் சற்று விலகி நின்று, ஒரு வண்ணத்தை மட்டும் உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள். எஞ்சியவை சோர்ந்துபோனால், அந்த வண்ணம் அங்கே தேவைப்பட்டே வந்திருக்கிறது.

கேள்வி: நானும் இம்முறையில் முயல்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் வண்ணங்கள் சேறாகிவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும் போன்ற எதிரெதிர் வண்ணங்கள் ஈரத்தில் கலந்தால் ஒன்றின் ஒளியை மற்றொன்று அடக்கிப் பழுப்பாகவும் சாம்பலாகவும் மாறும். முதல் அடுக்கை முழுமையாகக் காயவிட்டு அடுத்ததை இடுங்கள். அல்லது அவற்றைக் கலக்காமல் அருகருகே வைத்துவிடுங்கள். அக்ரிலிக் காயும்போது சற்றுக் கருமையேறும் என்பதால், ஈரத்தில் பார்த்த நிறத்தை நம்பி அவசரமாகத் திருத்த முனையாதீர்கள்.