பழைய லாரியில் ஸ்டீரிங் ஆட்டம்: பாக்ஸ் ஸ்குரூவைக் கடைசியில் தொடுங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னுடையது பழைய லாரி. ஸ்டீரிங்கை ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. நேர் ரோட்டிலும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஒருவர் ஸ்டீரிங் பாக்ஸில் இருக்கும் ஸ்குரூவை இறுக்கிக் கொடுத்தார். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் இப்போது வளைவு முடிந்த பிறகு ஸ்டீரிங் தானாக நேருக்கு வருவதில்லை. பாக்ஸையே மாற்றிவிடலாமா?"

பாக்ஸுக்கு இப்போது செலவு செய்ய வேண்டாம். ஆனால் அந்த ஸ்குரூவைச் சரிசெய்யும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். ஆட்டம் உள்ள ஸ்டீரிங்கை ஓட்டுநர் ஓரளவு சமாளித்து ஓட்டிவிடுவார். வளைவில் திரும்பிய ஸ்டீரிங் அப்படியே நின்றுவிட்டால், திருப்பி எடுக்க நேரம் இருக்காது.

அந்த ஸ்குரூவை இறுக்கியதும் ஏன் இப்படி ஆனது? பழைய லாரிகளில் பெரும்பாலும் இருப்பது பால், அதாவது சின்ன எஃகுக் குண்டுகள், உருளும் வகை பாக்ஸ். உள்ளே ஸ்டீரிங்கோடு சுற்றும் மரைபோட்ட வார்ம் ஷாஃப்ட், அதன்மேல் பால் ஓடும் நட், அந்த நட்டின் பற்களோடு சேரும் செக்டர் ஷாஃப்ட். பாக்ஸின் மேலுள்ள அந்த ஸ்குரூ செக்டர் ஷாஃப்ட்டைப் பற்களுக்குள் இன்னும் நெருக்கமாகத் தள்ளும், அவ்வளவுதான். வெளியே டை ராட் எண்ட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) தேய்ந்திருந்தால் அதற்கும் இந்த ஸ்குரூவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று இறுக்கிக்கொண்டே போனால் பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், ஸ்டீரிங் திரும்பி வராது. அப்படியே ஓட்டினால் பாலும் அது ஓடும் தடமும் குழி விழுந்து, நன்றாக இருந்த பாக்ஸும் கெட்டுப்போகும்.

இனி ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சின்னக் கணக்கு ஒன்று. டிராப் ஆர்ம் (செக்டர் ஷாஃப்ட்டின் முனையில், பாக்ஸுக்கு வெளியே ஆடும் கை) 20 செ.மீ. நீளம், பாக்ஸின் விகிதம் 20-க்கு 1 (ஸ்டீரிங் 20 பங்கு திரும்பினால் டிராப் ஆர்ம் 1 பங்கு திரும்பும்), ஸ்டீரிங்கின் விட்டம் 50 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராப் ஆர்ம் முனையில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் ஸ்டீரிங் விளிம்பில் அது 25 மி.மீ. ஆகத் தெரியும். உங்கள் உள்ளங்கை அகலம் 8 செ.மீ. என்றால், கீழே மொத்தமாகச் சேர்ந்திருப்பது 3 மி.மீ. சொச்சம்தான். அது ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. இங்கே அரை, அங்கே ஒன்று என்று நாலைந்து மூட்டுகளில் பரவியிருக்கலாம். ஒரு பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு "குறையவே இல்லையே" என்று பலர் சோர்ந்துபோவது இதனால்தான்.

பார்க்கும் முறை எளிது, ஆனால் இரண்டு பேர் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்சக்கரங்கள் நேராக, தரையிலேயே இருக்கட்டும். பவர் ஸ்டீரிங் என்றால் இன்ஜினை ஓடவிடுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இன்ஜினை நிறுத்தி வைத்துப் பார்த்தால் உள்ளே வால்வு நகரும் தூரமும் ஆட்டம் போலத் தெரியும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீரிங்கை இடதும் வலதுமாக, சக்கரம் திரும்பத் தொடங்கும் அளவுக்கு மட்டும், சீராக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் கீழே டார்ச்சோடு படுத்து, ஸ்டீரிங்கிலிருந்து சக்கரம்வரை ஒவ்வொரு மூட்டாக வாருங்கள்.

கண்ணை மட்டும் நம்பாமல் விரலையும் வையுங்கள். மூட்டின் ஒரு பாதி கட்டைவிரலிலும் மறு பாதி ஆட்காட்டி விரலிலும் படும்படி பிடித்தால், அரை மி.மீ. ஆட்டம்கூட "டக்" என்று கைக்குத் தெரியும். மூட்டுகளுக்கு இடையில் விரல் நசுங்காமல் மேலாகப் பிடியுங்கள். மேலே இருப்பவர் உங்களிடம் கேட்காமல் வேகத்தைக் கூட்டக் கூடாது.

முதலில் ஸ்டீரிங் தண்டின் அடியில் உள்ள யூ ஜாயிண்ட், அல்லது ரப்பர் இணைப்பு. அப்புறம் பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட்டையும் வெளியே வரும் டிராப் ஆர்மையும் ஒரே நேரத்தில் கவனியுங்கள். உள்ளே போகும் ஷாஃப்ட் திரும்பியும் டிராப் ஆர்ம் அசையாமல் இருந்தால் மட்டுமே குற்றவாளி பாக்ஸ். டிராப் ஆர்ம் அசைந்து டிராக் லிங்க் (டிராப் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) அசையாவிட்டால் இடையிலுள்ள பால் ஜாயிண்ட். டிராக் லிங்க் அசைந்து ஒரு சக்கரம் மட்டும் திரும்பி, மறு சக்கரம் தாமதித்தால் டை ராட் எண்ட்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது: பாக்ஸ் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், உட்கார்ந்திருக்கும் இடம். ஒரு லாரிக்கு டை ராட் எண்ட் எல்லாம் புதிதாகப் போட்ட பிறகும் ஆட்டம் போகவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். கீழே படுத்துப் பார்த்தால், ஸ்டீரிங்கை ஆட்ட ஆட்ட பாக்ஸே சேசிஸை விட்டு நூலளவு எழும்பி எழும்பி உட்கார்ந்தது. போல்ட் தலைகளைச் சுற்றிப் பெயிண்ட் வெடித்து, செம்பொடி போலத் துரு வழிந்திருந்தது. அந்தத் துருப்பொடியைத் தேடுங்கள். இரும்பு இரும்போடு உரசும் இடத்தில்தான் அது வரும். டிராப் ஆர்ம் பல்வரிசையைச் சுற்றியும், ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளின் அடியிலும் இதே அடையாளம் தெரியலாம். போல்ட்டை இறுக்கும் முன் அந்த இடத்தைத் துடைத்து, சேசிஸில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து, உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஆட்டம் இருந்தால், மற்றவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். இப்போது ஆட்டம் போய்விட்டால் அது வீல் பேரிங். போகாமல் நின்றால் கிங் பின் (சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு) புஷ். சக்கரத்தின் பக்கவாட்டு விளிம்புகளைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் மீண்டும் டை ராட் பக்கம் வாருங்கள்.

கிங் பின் தேய்வது பெரும்பாலும் கிரீஸ் சரியாகப் போகாததால்தான். சக்கரம் தரையில் இருக்கும்போது கிரீஸ் அடித்தால், பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் இடத்துக்குள், குறிப்பாக அடியில் உள்ள த்ரஸ்ட் பேரிங்குக்குள், அது நுழைவது கஷ்டம். ஆக்ஸிலைத் தூக்கி வைத்து, பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறி புதியது எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். கிரீஸ் போகும் நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், இல்லை மாற்றுங்கள். புஷ் ஏற்கெனவே தேய்ந்துவிட்டிருந்தால் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் ஆட்டம் போகாது. கிங் பின்னும் புஷ்ஷும் சேர்த்து மாற்றி, புது புஷ்ஷை ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதை லேத் பட்டறையில் கொடுப்பதுதான் நல்லது.

டை ராட் எண்ட் மாற்றும்போது கூம்பு பாகம் இரண்டு பக்கமும் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும், அங்கே கிரீஸ் கூடாது. நட்டை சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் பூட்டும் பின்) துளை நேர்வரவில்லையென்றால், இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் துளையைப் பிடிக்க வேண்டும். பின்னுக்குத் தளர்த்திப் பிடித்தால் கூம்பு உட்காராமல் ஆடி, நாளடைவில் துளையே பெரிதாகிவிடும். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். தேய்ந்த பால் ஜாயிண்ட்டை வெல்டிங் வைத்து "டைட்" ஆக்குவது, வளைந்த ஆர்மைச் சூடேற்றி நிமிர்த்துவது, இரண்டையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சூடு பட்ட எஃகு எந்த நேரத்தில் உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்டீரிங்கில் ஒரு கம்பி உடைந்தால் ஓட்டுநரின் கையில் வண்டியே இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பாக்ஸ். சக்கரங்கள் நேராக இருக்க, டிராக் லிங்க்கை டிராப் ஆர்மிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுற்றி, சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். பாக்ஸின் பற்கள் நடுவில்தான் மிக நெருக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டவை, ஓரங்களில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவுக்கு வரும்போது கடிக்கும். உங்கள் வண்டியில் நடந்தது இதுவாகவே இருக்கலாம். வார்ம் ஷாஃப்ட்டை உள்ளும் வெளியுமாகத் தள்ளி இழுத்தால் அசைகிறதா என்று முதலில் பாருங்கள். அசைந்தால் வார்ம் பேரிங்கை முதலில் சரிசெய்ய வேண்டும்.

அப்புறம் ஸ்குரூவின் லாக் நட்டைத் தளர்த்தி, ஏற்கெனவே இறுக்கியதை முழுதாகப் பின்னுக்கு எடுத்து, எட்டில் ஒரு சுற்று அளவில் மெல்ல உள்ளே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டீரிங்கை நடுவைத் தாண்டி இரு பக்கமும் திருப்புங்கள். நடுவைத் தாண்டும்போது கைக்கு லேசான கனம் தெரியும் இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஸ்குரூ திரும்பாதபடி பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அளவு கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. சுற்றும்போது நடுவில் கரகரவென்று கைக்குத் தட்டினால் உள்ளே குழி விழுந்துவிட்டது. அப்போது பாக்ஸைப் பிரித்து வேலை பார்க்கவோ மாற்றவோ வேண்டியதுதான்.

ஆட்டமே இல்லாமல் வண்டி அலைவதும் உண்டு. முன் டயர்களில் காற்று வித்தியாசம், தளர்ந்த யூ போல்ட், உடைந்த ஸ்பிரிங் சென்டர் போல்ட், தேய்ந்த ஸ்பிரிங் புஷ், ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் திருப்பிப் போடப்பட்ட ஆப்புத் தகடு, இதில் எதுவும் காரணமாகலாம். டை ராடைத் தொட்டிருந்தால் முன்சக்கர டோ, அதாவது இரு சக்கரங்களின் முன்பக்க, பின்பக்க இடைவெளிகளின் வித்தியாசம், கட்டாயம் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றவிட்டு டயர் நடுவில் கோடு போட்டு, ஆக்ஸில் உயரத்தில் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். அதைக் கையேட்டு அளவுக்குக் கொண்டுவந்த பிறகு டை ராட் கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்க மறக்காதீர்கள்.

முதல் ஓட்டம் காலியாக, மெதுவாக, ஆள் இல்லாத இடத்தில் இருக்கட்டும். இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிடியைத் தளர்த்தினால் ஸ்டீரிங் தானாக நேருக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, மறுபடி ஓட்டுங்கள். வந்து நிறுத்தியதும் இன்னொரு முறை கீழே படுத்து, கழற்றி மாட்டிய ஒவ்வொரு நட்டையும் ஸ்பிளிட் பின்னையும் கையால் தொட்டுப் பாருங்கள். நாலைந்து நாள் பாரத்தோடு ஓடிய பிறகு, பாக்ஸ் போல்ட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிவிடுங்கள்.