எந்த பிரேமில் வெட்டுவது?

ஹொலிவூட் படத்தொகுப்பாளர் வோல்டர் மேர்ச் பற்றி திருகோணமலை வாசகர்கள் கேட்டவையும் எமது பதில்களும்

கே: கலியாண வீடியோ எடிட் செய்கிறேன். மேர்ச்சைப் படி என்கிறார்கள். அப்படி என்ன செய்தார் அவர்? (வாசகர், உப்புவெளி)

ப: 1943இல் நியூயோர்க்கில் பிறந்தவர். ஒலியில் தொடங்கி வெட்டுக்கு வந்தவர். அவரைப் புரிந்துகொள்ள அந்த வரிசை முக்கியம். 'த கோட்ஃபாதர்' (1972) உணவகக் காட்சியில் நாயகன் மைக்கல் சுடுவதற்குச் சற்று முன் ரயில் சத்தம் காதைக் கிழிக்கும். ரயிலைத் திரையில் தேடாதீர்கள், அது மைக்கலின் மண்டைக்குள் ஓடுகிறது. அந்த ஒலி மேர்ச்சின் வேலை.

'அபோகலிப்ஸ் நவ்' (1979) ஒலிக்காக ஒஸ்கார். அதற்கு எடுத்த பிலிம் சுமார் 12,50,000 அடி. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், ஆகவே ஏறக்குறைய 230 மணித்தியாலம். அதிலிருந்து எடிட்டர்கள் பலர் சேர்ந்து இரண்டரை மணித்தியாலப் படத்தை எடுத்தார்கள். கலியாண வீட்டு மூன்று கமெராப் பதிவைப் பார்த்து இனித் தலையில் கை வைக்காதீர்கள்.

'த இங்கிலிஷ் பேஷன்ட்' (1996) படத்தொகுப்பு, ஒலி இரண்டுக்கும் ஒஸ்கார் பெற்றுத் தந்தது. கணினியில் வெட்டி, படத்தொகுப்பு ஒஸ்கார் பெற்ற முதல் படமும் அதுதான். அதன் மூல நாவலாசிரியர் மைக்கல் ஒண்டாச்சி கொழும்பில் பிறந்தவர். மேர்ச்சுடன் பேசியவற்றைப் பின்னர் 2002இல் நூலாக்கினார். 'கோல்ட் மவுண்டன்' (2003) படத்தை, யாரும் கடையில் வாங்கக்கூடிய ஃபைனல் கட் புரோ மென்பொருளில் வெட்டினார். மென்பொருளைக் குறை சொல்லும் வழியும் அடைபட்டது.

கே: அவருடைய 'ஆறு விதி'யை விளக்க முடியுமா? (வாசகி, கிண்ணியா)

ப: நல்ல வெட்டுக்கு மேர்ச் போட்ட புள்ளிகள்: உணர்வு 51, கதை 23, தாளம் 10, பார்வையாளரின் கண் நிற்கும் இடம் 7, திரைத் தளத்தின் ஒழுங்கு (திரையில் யார் இடம், யார் வலம்) 5, நிஜ இடத்தின் தொடர்ச்சி 4. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதபோது கீழேயிருந்து கைவிட வேண்டும். மற்ற ஐந்தும் சேர்ந்தாலும் 49தான்.

நிலாவெளிக் கரைவலையை எடுத்துக்கொள்வோம். தூரக் காட்சியில் பெரியவர் கயிற்றை இழுக்கிறார். வலையின் மடி (மீன் சேரும் பை) கரையேறுகிறது, மீன் சொற்பம். அடுத்து அவர் முகம் கிட்டத்தில். ஆனால் கை இடுப்பில். தொடர்ச்சி பிழை என்று அந்த முகத்தை வீசிவிட்டுச் சப்பென்ற இன்னொன்றைப் போடுபவர்களே அதிகம். நாலு புள்ளிக்காக 51 போயிற்று. முகத்தை வையுங்கள், கையை ஒருவரும் பார்க்கமாட்டார்.

ஆனால் கண் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பார்வையாளர் திரையின் வலது கீழ் மூலையில் மடியைப் பார்த்துக்கொண்டிருக்க, முகம் இடது மேலே வந்தால், கண் தேடி அலையும் நேரத்தில் முகத்தின் முதல் அசைவு தவறிவிடும். மொனிட்டரில் மடி இருக்கும் இடத்தில் விரலை வைத்தபடி வெட்டை ஓட்டுங்கள். முகம் விரலுக்குக் கிட்ட வராவிட்டால் படத்தைக் கொஞ்சம் பெருப்பித்து நகர்த்துங்கள்.

வெட்டும் பிரேமுக்கு (காட்சியில் அடுத்தடுத்து ஓடும் தனிப்படங்களில் ஒன்று) அவருடைய சோதனை: காட்சியை ஓடவிட்டு, முடியவேண்டும் என்று படும் கணத்தில் நிறுத்தி பிரேமின் எண்ணைக் குறியுங்கள். திரும்ப ஓட்டி, எண்ணைப் பாராமல் நிறுத்துங்கள். இரண்டு தடவையும் அதே பிரேம் என்றால் வெட்டலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு என்றால் அந்தக் காட்சி உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

கே: போனில் எடுத்த குறும்படத்தில் போகப்போக வாயசைவும் குரலும் விலகுகின்றன. (வாசகர், மூதூர்)

ப: இது மேர்ச்சுக்கு வராத தலையிடி. பிலிம் நொடிக்கு 24 பிரேம் என்று நிலையாக ஓடும். போனோ வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். வெட்டத் தொடங்குமுன் ஹான்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கொன்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (மாறாத வேகம்) தெரிவுசெய்து மாற்றுங்கள். 30இல் எடுத்ததை 30இலேயே விடுங்கள். 25 ஆக்கினால் பிரேம்கள் கழன்று அசைவு துள்ளும். பாதி வெட்டிய பின் மாற்றினால் வெட்டுகள் இடம் மாறிவிடும்.

தனி ரெக்கோடரில் ஒலி எடுத்தால் 48 கிலோஹேர்ட்ஸில் எடுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒருதரம் கை தட்டுங்கள். இரண்டு தட்டிலும் படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளி ஒன்றே என்றால் ஒலியை நகர்த்தினால் போதும். முடிவில் கூடியிருந்தால் வேகத்தில்தான் கோளாறு. கோணேசர் மலைக் காற்றுக்கு மைக்கில் பஞ்சுறை போடாமல் போகவேண்டாம். அந்த இரைச்சலைப் பிறகு கழுவினால் குரலும் சேர்ந்து போகும்.

கே: நின்றபடிதான் எடிட் செய்வாராமே? (வாசகி, பாலையூற்று)

ப: ஆம். சமையற்காரரும் சத்திரசிகிச்சை நிபுணரும் நின்றுதானே வேலை செய்கிறார்கள் என்பது அவர் கட்சி. நாம் பின்பற்றச் சொல்வது இன்னொரு பழக்கத்தை: மொனிட்டரின் இரு பக்கமும் கடதாசியில் வெட்டிய சின்ன மனித உருவங்களை வைப்பார். அவற்றின் அளவோடு பார்த்தால் மொனிட்டர் தியேட்டர்த் திரைபோலப் பெரிதாகத் தெரியும், தேவையற்ற கிட்டக் காட்சிகள் குறையும். உங்கள் படம் போனில் மட்டும் ஓடப்போகிறதென்றால் உருவங்கள் வேண்டாம். கடைசி வெட்டைப் போனிலேயே போட்டுப் பாருங்கள்.