சென்னையில் படித்த பிசிஷியன் அசிஸ்டென்ட் பட்டத்தை வைத்து அமெரிக்காவில் லைசென்ஸ் கிடைக்குமா?

வணக்கம் தங்கச்சி. நீங்கள் கேட்டதை இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் (டாக்டரோடு இணைந்து நோயாளிகளைப் பார்க்கும் தொழிலுக்கான படிப்பு) முடித்து, சென்னையில் இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறீர்கள். கல்யாணமாகி எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கோ கணவருக்கோ தருவது) டெக்சஸ் மாநிலத்து டாலஸுக்கு வந்திருக்கிறீர்கள். இங்கே நேராக லைசென்ஸ் பரீட்சை எழுதலாமா, டெக்சஸ் விடாவிட்டால் வேறு மாநிலம் விடுமா, மிசௌரியில் சுலபம் என்று வீட்டுக்காரரின் நண்பர் சொன்னது நிஜமா, ‘விசாஸ்கிரீன்’ வாங்கினால் போதும் என்று ஊரில் ஒரு ஏஜென்சி சொல்கிறதே, நம்பலாமா? இவைதான் உங்கள் கேள்விகள்.

நேராக எழுத முடியாது. ஐம்பது மாநிலங்களில் எதிலும் முடியாது. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்கிறேன். ‘இங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு’ என்ற பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாநில லைசென்ஸ் போர்டுக்கும் மெயில் அனுப்பி வருடங்களைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லைசென்ஸ் தருவது மாநிலம்தான், சந்தேகமில்லை. டெக்சஸில் மெடிக்கல் போர்டோடு சேர்ந்த பிசிஷியன் அசிஸ்டென்ட் போர்டு தருகிறது. நியூயார்க்கில் கல்வித்துறை. நியூ ஜெர்சியில் மெடிக்கல் எக்ஸாமினர்ஸ் போர்டும் அதன் கீழ் உள்ள ஒரு குழுவும். ஆனால் புதிதாக வருகிறவரிடம் இவர்கள் எல்லோரும் கேட்கும் தேர்வு ஒன்றே: என்சிசிபிஏ என்ற தேசிய அமைப்பு நடத்தும் பான்ஸ். 300 கேள்விகள், 5 மணி நேரம். அந்தத் தேர்வில் உட்கார வேண்டுமானால் ஏஆர்சி-பிஏ என்ற அமைப்பு அங்கீகரித்த பிசிஷியன் அசிஸ்டென்ட் பள்ளியில் (பள்ளி என்று சொன்னாலும் இது பட்டப்படிப்புக் கல்லூரிதான்) படித்து முடித்திருக்க வேண்டும். இந்தியப் படிப்பு எதுவும் அந்த அங்கீகாரப் பட்டியலில் இல்லை. எம்.பி.பி.எஸ். படித்த டாக்டரே ஆனாலும் பான்ஸ் எழுத விடமாட்டார்கள்.

உங்கள் படிப்பு மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. 1992இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு. அதுவும் உங்களைப் போலவே இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் வேர்விட்டது. 2021இல் இந்தியாவில் வந்த மத்தியச் சட்டத்திலும் இந்தத் தொழிலுக்கு இடம் இருக்கிறது. ஆனால் நர்ஸுகளுக்கு இருப்பது போல, வெளிநாட்டுப் பட்டத்தைச் சரிபார்த்துவிட்டுத் தேர்வுக்கு அனுமதிக்கும் வழி இந்தத் தொழிலுக்கு இங்கே இல்லை. நர்ஸிங் படித்து வந்த உங்கள் தோழி ஆறே மாதத்தில் நர்ஸுகளின் லைசென்ஸ் தேர்வான என்க்ளெக்ஸ் எழுதிவிட்டார் என்றால், அதைப் பார்த்து நீங்கள் கணக்குப் போட வேண்டாம்.

மிசௌரி விஷயம் எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குப் புரிகிறது. அங்கே 2014இல் ‘அசிஸ்டென்ட் பிசிஷியன்’ என்று ஒரு சட்டம் வந்தது. அது மருத்துவப் பட்டம் பெற்று, டாக்டர்களின் லைசென்ஸ் தேர்வான யுஎஸ்எம்எல்இயின் முதல் இரண்டு கட்டங்களையும் தாண்டி, ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி இடம் கிடைக்காமல் நிற்கும் டாக்டர்களுக்கானது. பெயர் திரும்பிப் போட்ட மாதிரி இருப்பதால் எல்லோருக்கும் குழப்பம். உங்களுக்கு அதில் வேலையில்லை.

ஏஜென்சி சொல்வது இதைவிட மோசம், ஏனென்றால் அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. வேலை விசாவில் வரும் சில மருத்துவத் தொழிலாளர்களுக்கு விசாஸ்கிரீன் சான்றிதழ் கட்டாயம், அந்தப் பட்டியலில் பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற பெயரும் இருக்கிறது. அதைக் காட்டித்தான் காசு கேட்கிறார்கள். அது குடியேற்றச் சட்டத்துக்கான சான்றிதழ். அமெரிக்காவிலேயே பிசிஷியன் அசிஸ்டென்ட் படித்து முடித்த வெளிநாட்டவரும் வேலை விசாவுக்குப் போகும்போது அதை வாங்கித்தான் ஆக வேண்டும். அதைக் கொண்டுபோய் எந்த போர்டிடமும் லைசென்ஸ் கேட்க முடியாது. ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

அப்படியானால் என்ன வழி? இங்கே திரும்பப் படிப்பதுதான். நானும் அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். உங்களைப் போல பிசிஷியன் அசிஸ்டென்ட் பட்டத்தோடு அல்ல, மைக்ரோபயாலஜி பட்டத்தோடு. இப்போது எல்லாப் பள்ளிகளிலும் இது முதுகலைப் படிப்பு, சராசரியாக 27 மாதம். முதல் பாதி வகுப்பு, மறுபாதி குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தைகள், மகளிர், எமர்ஜென்சி, மனநலம் என்று வார்டு வார்டாகச் சுற்றுவது. தனியார் பள்ளியில் கட்டணம் மட்டும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். எச்-4இல் இருப்பவருக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்விக்கடன் கிடையாது. தனியார் கடனுக்கு பெரும்பாலும் இங்கே குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் உடன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். சில பள்ளிகள் குடியுரிமை, கிரீன் கார்டு இல்லாதவரை எடுப்பதே இல்லை. அந்த வரியை ஒவ்வொரு பள்ளியின் விதிமுறையிலும் முதலில் தேடிப் படியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எச்-4இல் முழுநேரமாகப் படிக்கலாம், அதற்கு எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறத் தேவையில்லை. வேலைக்குத்தான் தடை. கணவரின் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனுவுக்கு அனுமதி வந்தபிறகு, எச்-4 இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வாங்கினால்தான் சம்பள வேலை. அது கையில் இருந்தால் டெக்சஸில் மெடிக்கல் அசிஸ்டென்டாகச் சேரலாம், அதற்கு மாநில லைசென்ஸ் வேண்டியதில்லை. இஏடி இல்லாவிட்டால் யாராவது ஒரு பிசிஷியன் அசிஸ்டென்டோடு சும்மா கூட நின்று பார்க்கலாம், ஆஸ்பத்திரியில் தன்னார்வலராகப் போகலாம்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், பள்ளிகள் நோயாளிகளோடு வேலை பார்த்த மணிக்கணக்கைக் கேட்கும். இந்தத் தொழிலின் பிறப்பே அப்படி. 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் கடற்படையில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்துத் தேறிய நான்கு பேரை வைத்துத்தான் முதல் வகுப்பைத் தொடங்கினார். ஏற்கெனவே கை பழகியவரைக் கொண்டுவந்து பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் எண்ணம். இங்கேதான் உங்கள் சென்னை அனுபவம் காசு. பல பள்ளிகள் வெளிநாட்டு மணிக்கணக்கையும் ஏற்கும். பழைய ஆஸ்பத்திரியின் லெட்டர்ஹெட்டில், என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, யார் மேற்பார்வை என்று எழுதி வாங்குங்கள். உங்களைத் தெரிந்த சர்ஜன் அங்கே இருக்கும்போதே வாங்குங்கள்.

கூடவே, இங்கே நீங்கள் லைசென்ஸ் வாங்கும்வரை லிங்க்ட்இன்னிலோ வேலை விண்ணப்பத்திலோ வெறுமனே ‘பிசிஷியன் அசிஸ்டென்ட்’ என்று போட்டுக்கொள்ள வேண்டாம். சட்டம் காக்கும் பட்டப்பெயர் அது. ‘இந்தியாவில் பயிற்சி பெற்றவர்’ என்று தெளிவாக எழுதுங்கள். பின்னால் போர்டு உங்கள் பின்னணியைத் தோண்டும்போது இது கேள்வியாக வரக் கூடாது.

மாநில வித்தியாசம் எங்கே நிஜமாகக் கடிக்கும் என்றால், லைசென்ஸ் வாங்கிய பிறகு. டெக்சஸ் இந்த விஷயத்தில் இறுக்கமான மாநிலம். ஒரு டாக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் நான் ஒரு மருந்துச் சீட்டு எழுத முடியாது. கிளினிக்கில் ஒரு டாக்டர் இப்படி 7 பேருக்கு மேல் பொறுப்பேற்க முடியாது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில், கடும் வலி மருந்துகள், ஏடிஎச்டி என்ற கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கும் மருந்துகள் அடங்கிய இரண்டாம் அட்டவணையை ஆஸ்பத்திரியிலும், கடைசிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸிலும் மட்டுமே எழுதலாம். 2014 அக்டோபரில் அமெரிக்க மத்திய அரசு ஹைட்ரோகோடோன் என்ற வலி மருந்தை அந்த அட்டவணைக்கு ஏற்றியது. முந்தின வாரம்வரை எழுதிக்கொண்டிருந்த மருந்துக்கு மறுவாரம் எங்கள் கிளினிக்கில் டாக்டரைத் தேடி ஓட வேண்டியிருந்தது. ஒப்பந்தம் போட்ட டாக்டர் ஓய்வுபெற்றாலோ ஊர் மாறினாலோ, அடுத்தவர் கையெழுத்துப் போடும்வரை நம் பேனா மூடியே இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், கிராமப்புற கிளினிக் ஒன்றில் நோயாளிகள் வரிசையில் காத்திருக்க, இதனாலேயே சும்மா உட்கார்ந்திருந்தார்.

இதற்கு மறுகோடி வடக்கு டகோட்டா. 2019இல் அந்த எழுத்து ஒப்பந்தத்தையே எடுத்துவிட்டார்கள். டாக்டர் பஞ்சம் உள்ள மாநிலங்கள் தளர்த்துகின்றன என்பதுதான் பொதுவான போக்கு. மிசிசிப்பி 2000ஆம் ஆண்டுவரை இந்தத் தொழிலுக்கு லைசென்ஸே தராமல் இருந்தது, இண்டியானா 2007வரை மருந்து எழுத விடவில்லை. அந்தக் காலத்தோடு பார்த்தால் நிறைய மாறிவிட்டது. ஒரு மாநில லைசென்ஸை வைத்து உறுப்பு மாநிலங்களில் வேலை பார்க்க விடும், மாநிலங்களுக்கு இடையிலான உடன்படிக்கையும் ஏழாவது மாநிலம் சேர்ந்ததும் 2024இல் அமலுக்கு வந்தது. ஆனால் அதில் நுழையவும் முதலில் ஒரு மாநிலத்தின் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். ஆகவே இன்றைக்கு இதற்காக டாலஸைக் காலி செய்துகொண்டு எங்கும் போகாதீர்கள். எங்கே படிக்க இடம் கிடைக்கிறதோ அதுதான் இப்போதைக்கு உங்கள் மாநிலம்.

கடைசியாக, நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் ஒரு தலைவலி: இனிஷியல். டிகிரி சான்றிதழில் ‘கே. மலர்’, பாஸ்போர்ட்டில் மலர் ஒரு பக்கம், அப்பா பெயர் முழுசாக ஒரு பக்கம், விசாவில் முதல் பெயர் இல்லை என்று ‘எஃப்என்யு’, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் வேறு. தேர்வு மையத்தில் பதிவுப் பெயரும் அடையாள அட்டையும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பள்ளி, என்சிசிபிஏ, மாநில போர்டு, கைரேகைச் சோதனை, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதுவதற்கான பதிவுக்கு டிஇஏ என்ற மத்திய போதைப்பொருள் தடுப்பு அமைப்பு, பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் என்று ஒவ்வொருவரும் அதே பெயரைக் கேட்பார்கள். ஒரு எழுத்து மாறினால் கோப்பு அங்கேயே நிற்கும். விண்ணப்பம் எதுவும் தொடங்கும் முன் பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள், ஹூஸ்டனில் இந்தியத் தூதரக அலுவலகம் இருக்கிறது.

அதே சமயம் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்திலிருந்து மூடி முத்திரையிட்ட மதிப்பெண் சான்றுகளை, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் டபிள்யூஇஎஸ் என்ற நிறுவனத்துக்கு அனுப்பி, பாடம் பாடமாக மதிப்பீடு வாங்குங்கள். அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, புள்ளியியல் ஆகியவற்றைப் பல பள்ளிகள் அமெரிக்கக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்கின்றன. டாலஸில் கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் முடிக்கலாம். பள்ளிகளுக்கான பொது விண்ணப்பம் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசியில் திறக்கும். மதிப்பீடு வந்ததும் எந்தப் பாடம் குறைகிறது என்று எழுதுங்கள், எதை முதலில் எடுக்கலாம் என்று சொல்கிறேன்.