'சைவம்தான்' என்ற பதிலை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: பணியின் பொருட்டு அடிக்கடி பயணம் செய்யும் நான், முட்டையும் உண்ணாத சைவ உணவுக்காரன். சென்ற மாதம் ஓர் உணவகத்தில் காய்கறி சூப் கேட்டேன். "சைவம்தானே?" என்றதற்குப் பரிமாறியவர் "ஆமாம்" என்றார். பாதி குடித்த பிறகே அது எலும்பு வேகவைத்த சாற்றில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? இனி எப்படித்தான் கேட்பது?

பதில்: ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சூப்பில் கண்ணுக்குத் தெரிந்தவை எல்லாம் காய்கறிகளாக இருந்ததால், அவர் தமக்குத் தெரிந்த பொருளில் உண்மையையே சொல்லியிருப்பார். அவை எந்தச் சாற்றில் வெந்தன என்பதை நீங்களும் கேட்கவில்லை. 'சைவம்' என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒரே எல்லையை வகுப்பதில்லை. சிலர் முட்டையைச் சேர்த்துக்கொள்கிறார்கள்; மீனை உண்டுகொண்டே தம்மைச் சைவ உணவுக்காரர் என்று சொல்பவர்களும் உண்டு. சில மொழிகளில் 'இறைச்சி' என்ற சொல் கோழியையும் மீனையும் குறிப்பதாகவே பேச்சு வழக்கில் கொள்ளப்படுவதில்லை.

ஆகவே 'சைவமா?' என்ற கேள்வியை விட்டுவிட்டு, பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சூப், குழம்பு, வேகவைத்த அரிசி ஆகியவற்றுக்கு எந்தச் சாற்றைப் பயன்படுத்துகிறீர்கள்? பொரித்தவை என்றால், அதே எண்ணெயில் மீனோ கோழியோ பொரிக்கப்படுகிறதா? பயறும் காயும் வதக்கப்பட்டது எண்ணெயிலா, விலங்குக் கொழுப்பிலா? சாஸ்களில் கூடுதல் கவனம் தேவை. மீன் சாஸும் சிப்பி சாஸும் பெயரிலேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வொர்செஸ்டர்ஷயர் சாஸில் வழக்கமாக நெத்திலி இனத்து மீன் சேர்க்கப்படுகிறது என்பது பெயரைக் கேட்டால் தெரியாது. சீஸ் வகைகள் பலவற்றில் பாலைத் திரைய வைக்கும் ரென்னெட், இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. நுண்ணுயிர்களிலிருந்து பெறும் ரென்னெட்டும் இன்று பரவலாகப் பயன்படுகிறது என்றாலும், இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்குக் கன்றின் ரென்னெட்டே விதி. சில இனிப்புகளை நடுங்கும் கூழாக நிறுத்தும் ஜெலட்டின், விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது.

இத்தனையையும் கூட்டம் நெரியும் இரவு எட்டு மணிக்குக் கேட்டால் அவசரமான ஓர் 'ஆமாம்'தான் கிடைக்கும். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் சமையலறை ஓய்ந்திருக்கும் நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, சமைப்பவரிடமே கேட்டுவிடுங்கள். மொழி தெரியாத ஊராக இருந்தால், உண்ணாத பொருள்களையும் உண்ணும் பொருள்களையும் அவ்வூர் மொழியில் எழுதிய ஒரு சிறு அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். உண்ணும் பொருள்களை எழுதாமல் விட்டீர்களானால், சமைப்பவர் திகைத்துப்போய், வெறும் இலைகளை நறுக்கித் தட்டில் வைத்து அனுப்பிவிடுவார். எனக்கு அது இருமுறை நேர்ந்திருக்கிறது.

கேள்வி: விமானத்தில் சைவ உணவுக்குப் பதிவு செய்திருந்தும் தயிரோ வெண்ணெயோ இல்லாத ஒரு தட்டு வந்தது. ஏன்?

பதில்: விமான நிறுவனங்கள் சிறப்பு உணவுகளை நான்கெழுத்துக் குறியீடுகளால் அடையாளப்படுத்துகின்றன. தாங்கள் தேர்ந்தெடுத்தது 'விஜிஎம்எல்' என்பதாக இருக்க வேண்டும். அதில் பாலும் முட்டையும் தேனும்கூட இராது. 'விஎல்எம்எல்' என்பதில் பாலோடு முட்டையும் இருக்கலாம். முட்டை வேண்டாம், பால் வேண்டும் என்பவர்களுக்கு 'ஏவிஎம்எல்' என்னும் ஆசியச் சைவ உணவே பொருத்தம். 'எச்என்எம்எல்' என்பதை 'இந்து உணவு' என்று குறிப்பிட்டிருப்பதைப் பார்த்து, அது சைவமாகத்தான் இருக்கும் என்று பலர் பதிவு செய்துவிடுகிறார்கள். அது மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாத அசைவ உணவு. பெரும்பாலான நிறுவனங்களில் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்னதாகவாவது சொல்லியிருக்க வேண்டும். பயணத்தின் ஒரு பகுதியை வேறொரு நிறுவனம் இயக்கினால், அந்த நிறுவனத்திடமும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இருக்கையை மாற்றிக்கொண்டால் பணியாளரிடம் உடனே தெரிவியுங்கள்; சிறப்புத் தட்டு இருக்கை எண்ணைப் பார்த்தே கொண்டுவரப்படுகிறது.

கேள்வி: அலுவலக மேலாளர் தம் வீட்டு விருந்துக்கு அழைத்திருக்கிறார். நான் சைவம் என்று சொல்வது மரியாதைக் குறைவாகுமா?

பதில்: அழைப்பை ஏற்கும் அன்றே சொன்னால் மரியாதைக் குறைவாகாது, பந்தியில் உட்கார்ந்த பிறகு சொன்னால்தான் அப்படி ஆகும். "முட்டையும் மீனும் உண்பதில்லை, பால், பருப்பு, காய் எல்லாம் உண்பேன்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, அனைவரும் பகிர்ந்து உண்ணும் அளவுக்கு ஒரு பண்டத்தை நீங்களே செய்துகொண்டு வரலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். அசைவம் சமைத்த பாத்திரமா என்ற விசாரணையை மட்டும் உணவகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் தங்களுக்கு இன்றியமையாதது என்றால், விருந்துக்குப் பதிலாக ஒரு தேநீர் நேரத்தில் வருவதாகச் சொல்வதே இருவருக்கும் எளிது.