பலகை ஆர்க்கிட்: தண்ணீர் வேருக்கா, சுவருக்கா?

தொட்டி இல்லாமல் பலகையில் கட்டிச் சுவரில் மாட்டி வளர்க்கும் ஆர்க்கிட் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: சுவரில் கறை, தரையில் தண்ணீர், வீட்டில் ஏச்சு. முதல் பதிலை எல்லாருமே படித்துவிடுங்கள். பாதிப் பேர் மறுபடி எழுத வேண்டியிருக்காது.

செந்தூல் வாசகி: கொண்டோவில் வரவேற்பறைச் சுவரில் ஆறு பலகைகள் மாட்டியிருக்கிறேன். தினமும் மூன்று வேளை ஸ்ப்ரே அடிக்கிறேன். ஆனாலும் வேர்கள் சுருங்குகின்றன. சுவரில் கறுப்புப் பூஞ்சை, லேமினேட் தரையும் உப்பிவிட்டது. எங்கே தவறு?

அந்த ஸ்ப்ரே பாட்டிலில்தான். எத்தனை முறை சொன்னாலும் நம் வீடுகளை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வேரைச் சுற்றி வெள்ளையாகத் தெரிவது வெலாமென், தண்ணீரை உறிஞ்சி வைக்கும் உயிரற்ற செல் அடுக்கு. காய்ந்தால் சாம்பல் வெள்ளை, நிறைந்தால் பச்சை. அது நிறையக் கொட்டுகிற மழை வேண்டும். நீங்கள் அடிக்கும் நாலு விசிறல் வேரின் மேல்தோலை மினுக்கிவிட்டு, ஏர்கோன் காற்றில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மிச்சமெல்லாம் சுவருக்கு. அடித்து முடித்ததும் வேரின் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். முன்பக்கம் பச்சையாகி ஓரம் வெள்ளையாகவே நின்றால், தண்ணீர் காட்டியதாகக் கணக்கில்லை.

பலகையைக் கழற்றுங்கள். முழு வித்தையும் அதில்தான் இருக்கிறது. சுவரோடு ஆணி வைத்து அறைந்திருந்தால் முதலில் எஸ் கொக்கிக்கு மாற்றுங்கள். கழற்றச் சிரமமான பலகையை யாரும் ஒழுங்காக நனைப்பதில்லை. காலை ஏழு, எட்டு மணிக்கு ஒரு வாளி தண்ணீர் போதும். கார்க் பட்டைப் பலகை மிதக்கும், செடி தண்ணீருக்குள் இருக்கும்படி குப்புறக் கவிழ்த்துப் போடுங்கள். வெறும் வேர் என்றால் 10, 15 நிமிடம். மோஸ் (பாசி) வைத்துக் கட்டியது என்றால் 3 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எடுத்ததும் குளியலறைக் கம்பியில் 20 நிமிடம் சொட்டவிட்டு, ஒரு உதறு உதறி, குருத்தில் தேங்கிய தண்ணீரை டிஷ்யூ முனையால் ஒற்றி எடுத்துவிட்டுச் சுவருக்குக் கொண்டுபோங்கள். குருத்தில் ராத்தங்கும் தண்ணீர்தான் அழுகலுக்கு வழி. அதனால் மாலையில் நனைக்கவே நனைக்காதீர்கள். பெலனோப்சிஸ் வகை ஆர்க்கிட்டைக் கட்டும்போதே குருத்து கீழே சாய்ந்திருக்கும்படி கட்டியிருந்தால் பாதிக் கவலை இல்லை.

ஏர்கோன் ஓடும் அறையில் வெறும் வேருக்குத் தினமும் முக்கல். மின்விசிறி மட்டும் என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மோஸ் உள்ளதை, மோஸ் விரலுக்கு மொறுமொறுவென்று படும்போது. ஆறு பலகையையும் ஒரே தண்ணீரில் முக்காதீர்கள். ஒன்றின் அழுகல் எல்லாவற்றுக்கும் போகும். சந்தேகமானதை வாளியில் போடாமல் குவளையால் ஊற்றுங்கள். பலகையின் முதுகில் அரை அங்குல ரப்பர் குமிழ் இரண்டை ஒட்டிவிட்டால் பின்னால் காற்றோடும், சுவரில் பூஞ்சை பிடிக்காது. நேரமில்லை என்று எழுதாதீர்கள். கழற்றி மாட்டும் வேலை ஐந்து நிமிடம். மிச்ச நேரம் வாளி பார்த்துக்கொள்ளும்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: பலகைக்குக் கீழே தட்டு வைத்துச் சொட்டும் தண்ணீரை அப்படியே விட்டால் ஈரப்பதமும் கிடைக்குமே?

கிடைப்பது டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு. முட்டை கொசுவாக நம் வெயிலில் பத்து நாள்கூட ஆகாது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. தட்டின் விளிம்பில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். வீட்டில் கொசு வளர்த்தால் மலேசியாவின் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் உண்டு, ஆர்க்கிட்டுக்காக என்றால் விட்டுவிட மாட்டார்கள். சொட்டி முடித்து மாட்டினால் தட்டே தேவையில்லை.

கெப்போங் வாசகர்: குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்துதான் ஊற்ற வேண்டுமா?

வேண்டாம். நம்மூர்க் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அப்படியே ஊற்றலாம். உப்பு போட்டு மென்மையாக்கும் ஃபில்டர் தண்ணீர் மட்டும் கூடாது.

ஆயர் ஈத்தாம் வாசகி: தேங்காய் மட்டையில் கட்டினேன். வெள்ளைச் சுவர் முழுக்கச் செம்பழுப்பு வழிசல். வேறு என்ன பலகை நல்லது?

வழிவது டானின், மட்டையில் இருக்கும் சாயச் சத்து. மட்டையைக் கட்டுவதற்கு முன் மூன்று, நான்கு நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, தண்ணீர் தெளிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அப்படிச் செய்தாலும் இரண்டு வருடத்தில் மட்கும். அதற்குள் வேர் பிடித்திருக்கும், மாற்றப்போனால் வேர் அறும். வீட்டுக்குள் வைப்பதற்குக் கார்க் பட்டைதான். விலை கூட, ஆனால் மட்டையளவு கறை விடாது, பல வருடம் மட்காது. பாக்கிஸ் பலகை, அதாவது மரப்பெரணி நாரில் செய்தது, ஈரத்தைப் பிடித்துவைக்கும், புல்போபிலம் வகை ஆர்க்கிட்டுக்கு ஏற்றது. தூள் உதிரும் என்பது தெரிந்து வாங்குங்கள். மரப்பெரணி சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது. அனுமதியில்லாமல் வெளிநாட்டு உறவினருக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். கட்டிட வேலையில் மிஞ்சிய பலகை வேண்டவே வேண்டாம், கரையான் மருந்து ஏறியிருக்கும்.

கட்டுவதற்குத் தூண்டில் நரம்பு. செம்புக் கம்பி கூடாது. ஈரத்தில் கசியும் செம்பு வேர்நுனியைக் கருக்கும். புதிய வேர்நுனி பச்சையாக ஒரு சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கும் நேரம் பார்த்துக் கட்டினால் இரண்டு, மூன்று மாதத்தில் பிடித்துவிடும். செடி ஆடினால் பிடிக்காது, இறுக்கிக் கட்டுங்கள்.

பெயர், ஊர் இல்லை: என் ஆர்க்கிட் வாடுகிறது. என்ன உரம் போடலாம்?

எந்த ஆர்க்கிட்? எந்த ஜன்னல்? வேர் என்ன நிறம்? இதில் ஒன்றுகூட எழுதாமல் உரம் கேட்டால் நான் சோழி போட்டுத்தான் பார்க்க வேண்டும். வாடும் செடிக்கு உரமே கிடையாது. முதலில் தண்ணீர், அப்புறம் வெளிச்சம். வேர் ஓடத் தொடங்கிய பிறகு 20-20-20 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம்), கால் டீஸ்பூன் நாலு லிட்டருக்கு, வாரம் ஒருமுறை. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவு தோட்டக்காரருக்கு; பலகைக்கு அதில் கால்வாசியே போதும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: சாலையோர அங்சானா மரத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் புறா ஆர்க்கிட்டைப் பலகையில் கட்டி ஹாலில் வைத்திருக்கிறேன். செழிப்பாக இருக்கிறது, பூக்கவே இல்லை.

உங்கள் ஹாலில் இடிமழை பெய்வதில்லை, அதுதான் காரணம். புறா ஆர்க்கிட், அதாவது டென்ட்ரோபியம் குருமெனாட்டம், மொட்டுகளை வைத்துக்கொண்டு உறங்கும். நல்ல வெயிலில் திடீர் மழை பெய்து வெப்பம் ஐந்து டிகிரி போலச் சட்டென்று இறங்கினால் விழித்துக்கொள்ளும். ஒன்பதாம் நாள் பேட்டை முழுக்க ஒரே காலையில் பூக்கும், மாலைக்குள் வாடும். மதிய மழைக்கு முன் பலகையைப் பால்கனியில் மழை படும் இடத்தில் தொங்கவிட்டு, நாள்காட்டியில் குறித்துவையுங்கள். கொக்கியில் தொங்கும் பலகை என்றால் இது ஒரு நிமிட வேலை. மரத்திலிருந்து பிய்த்து வந்ததாக இருந்தால் இனி அதைச் செய்யாதீர்கள். நர்சரியில் மலிவாகவே கிடைக்கிறது.

பட்டர்வொர்த் வாசகர்: புலி ஆர்க்கிட்டைப் பலகையில் கட்டி வீட்டுக்குள் வைக்கலாமா?

உலகிலேயே பருமனான ஆர்க்கிட் அது. முற்றிய கொத்து ஒரு டன்னைத் தாண்டும். சுவருக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

ஜெலுத்தோங் வாசகி: பலகையின் பின்னால் எறும்பு. செடிக்கு ஆகாதா?

எறும்பைவிட, அது எதற்கு வந்தது என்று பாருங்கள். இலை இடுக்கில் மாவுப்பூச்சி இருக்கும். 70 சதவீத ஆல்கஹாலைக் காதுக்குச்சியில் தொட்டுத் துடையுங்கள். வாரம் ஒருமுறை, நான்கு வாரம். எறும்பு கூடு கட்டியிருந்தால் அந்த ஒருமுறை மட்டும் பலகையை ஒரு மணி நேரம் முழுக மூழ்கடியுங்கள், வெளியேறிவிடும். பூச்சி மருந்தை ஹாலில் அடிக்காதீர்கள்.

ஜோர்ஜ் டவுன் வாசகர்: ஒட்டும் கொக்கியில் மாட்டியிருந்தேன், நள்ளிரவில் விழுந்து செடி உடைந்துவிட்டது. அரைக் கிலோ தாங்கும் என்றுதான் போட்டிருந்தது.

காய்ந்த பலகையை எடை போட்டுப் பார்த்துக் கொக்கி வாங்கியிருப்பீர்கள். மோஸ் வைத்த ஓரடிப் பலகை நனைந்தால் முக்கால் கிலோ வரும், ஈரச்சுவரில் பசையும் விடும். கான்கிரீட்டில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, பிளக் செருகி, துருப்பிடிக்காத திருகுக் கொக்கி மாட்டுங்கள். உடைந்த தண்டுக் குமிழில் முளைக்கண் இருந்தால் ஈர மோஸில் வைத்துப் பாருங்கள், முளைக்கலாம்.