ஒரே எழுத்தில் தொடங்கும் ஆங்கில வினைச்சொற்கள்: எங்கே உதவும், எங்கே குழப்பும்?

கேள்வி: வேலைக்காக ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கிறது. 'ஏ'-யில் தொடங்கும் வினைச்சொற்கள், 'பி'-யில் தொடங்குபவை என்று நாளுக்கு இருபது வீதம் நோட்டில் எழுதிப் படிக்கிறேன். 'டி'-க்கு வருவதற்குள் 'ஏ' மறந்துவிடுகிறது. நினைவில் நிற்பவையும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. இந்த முறையை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். வரிசையைத்தான் மாற்ற வேண்டும். படிக்கும்போது பயன்படுத்தும் முதல் எழுத்தை, படித்ததைத் தேடி எடுக்கும்போது பயன்படுத்துங்கள்.

தெரிந்த சொல்லே சில நேரம் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். 1966-இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற உளவியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். அதிகம் புழங்காத ஆங்கிலச் சொற்களின் பொருளை வாசித்துக்காட்டி, சொல் என்ன என்று மாணவர்களைக் கேட்டார்கள். சொல் நாக்கு நுனியில் சிக்கிக்கொண்ட நிலையிலும், அதன் முதல் எழுத்தைப் பாதிக்கு மேற்பட்ட தடவை சரியாகச் சொன்னார்கள். ஆக, முதல் எழுத்து நல்ல கொக்கி. ஆனால் கொக்கியில் மாட்ட ஏதாவது இருக்க வேண்டுமே! அட்டெண்ட், அட்டெயின், அட்டெம்ப்ட், அட்டாச் என்று ஒரே நாளில் அடுக்கினால் மனதுக்குக் கிடைப்பது 'அட்' என்ற ஓசை மட்டும்தான். எது கலந்துகொள்வது, எது முயல்வது என்பது கரைந்துவிடும்.

ஆத்திசூடியும் அகர வரிசைதானே என்று கேட்கலாம். அங்கே 'அ'-வுக்கு ஒரே ஒரு வரி, 'ஆ'-வுக்கு ஒரே ஒரு வரி. ஒவ்வொன்றும் முழு வாக்கியம். 'அறம் செய விரும்பு' நினைவில் நிற்பதற்கு எழுத்து மட்டும் காரணமில்லை.

சரி, ஒரே எழுத்துச் சொற்களைச் சேர்த்துப் படிப்பது எப்போது லாபம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள்: எழு, எழுப்பு, கிட, கிடத்து, விழு, வீழ்த்து. ஆங்கிலத்திலும் இதே உறவில் சில பழைய ஜோடிகள் உண்டு. இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே. ரைஸ் என்றால் எழு, ரெய்ஸ் என்றால் எழுப்பு. லை என்றால் படு, லே என்றால் கிடத்து அல்லது வை. ஃபால் என்றால் விழு, ஃபெல் என்றால் வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு இதைத்தான் சொல்வார்கள். சிட் (உட்கார்), செட் (வை) ஜோடியும் அப்படிப் பிறந்ததே. இன்னும் வேடிக்கை, ட்ரிங்க், ட்ரெஞ்ச்: முற்காலத்தில் ட்ரெஞ்ச் என்றால் 'குடிக்கச் செய்'. இன்று 'தொப்பலாக நனை' என்ற பொருளுக்கு வந்து நிற்கிறது.

இவற்றில் ஒரு பொறி இருக்கிறது. லை என்பதன் இறந்தகாலம் லே. அதுவே இன்னொரு வினையின் நிகழ்காலமும்கூட! 'நேற்று படுத்தேன்' என்பதற்கு 'ஐ லே டவுன் யெஸ்டர்டே'; 'புத்தகத்தை வைத்தேன்' என்பதற்கு 'ஐ லெய்ட் தி புக் டவுன்'. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இங்கே தடுமாறுவது சகஜம். உங்களுக்குக் குறுக்குவழி தமிழில் இருக்கிறது: 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். விடை வந்தால் பிறவினை பக்கம் போங்கள்.

இரண்டாவது இடம், முதல் இரண்டு எழுத்தும் பொருளைத் தொட்டு நிற்கும் கூட்டங்கள். ஸ்னீஸ் தும்முவது, ஸ்னோர் குறட்டை விடுவது, ஸ்னிஃப் மோந்து பார்ப்பது: மூன்றும் மூக்கைச் சுற்றியே வருகின்றன. க்ளோ, க்ளீம், க்ளிட்டர் எல்லாம் ஒளி. மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1930-இல் இந்த வகை ஓசைக்குத் தனிப்பெயரே வைத்தார். ஆனால் விதியாக நம்பிவிடாதீர்கள். ஸ்னாட்ச் என்றால் பறிப்பது, மூக்குக்கு அங்கே வேலையில்லை.

காதால் கேட்டு எழுதுபவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. நோ (அறி), நீல் (மண்டியிடு), நிட் (பின்னு) மூன்றிலும் முதலில் ஒலிக்காத 'கே' உண்டு; 'கே' பக்கத்தில் எழுத வேண்டியவை.

இனி நடைமுறை. நாளுக்கு இருபது அதிகம். ஐந்து போதும், வெவ்வேறு எழுத்துகளில் எடுங்கள். வினையைத் தனியே எழுதாமல் அதனோடு சேரும் பெயர்ச்சொல்லையும் எழுதுங்கள். 'பே' என்று மட்டும் எழுதினால் பணம் மட்டுமே நினைவுக்கு வரும். 'பே அட்டென்ஷன்' என்று எழுதினால், நாம் பணத்தையும் கவனத்தையும் 'செலுத்து'வது போலவே அவர்களும் செய்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை அந்த வாக்கியத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓர் எழுத்தைக் குறித்துக்கொண்டு, நோட்டை மூடிவிட்டு, ஐந்து நிமிடத்தில் அந்த எழுத்தில் வரும் வினைகளை வாக்கியத்தோடு எழுதுங்கள். உங்கள் அகரவரிசைக்கு உரிய வேலை அதுதான். எழுதியபின் பழைய நோட்டைத் திறந்து, விட்டுப்போனவற்றை மட்டும் மறுவாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றோடொன்று குழம்பும் சொற்களை ஒரே நாளில் தொடவே வேண்டாம். 'தகவமைத்துக்கொள்', 'தத்தெடு' என்ற இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'அடாப்ட்' என்றே வருகின்றன! நடுவில் வரும் எழுத்து முதலாவதில் 'ஏ', இரண்டாவதில் 'ஓ'. முதலில் ஒன்றை மட்டும் எடுத்து, யோசிக்காமல் வாயில் வரும்வரை இரண்டு வாரம் புழங்குங்கள். அதன் பிறகு மற்றதை எடுக்கலாம்.